உத்தரவு இல்லாமல் வளர்ந்த ஈரல்

ஒரே ஒரு நோயாளிக்காக, அவர் பெயரைக் குறிப்பிட்டு, ஒரு மருத்துவர் தன் கைப்படக் கேட்கும் மருந்தைத் துறைமுகத்தில் நிறுத்தி வைக்கக் கூடாது. சுகாதார இலாகாவின் தலைவர் அதே தாளின் ஓரத்தில் ஒப்பமிட்டால் அதுவே அனுமதி. பிரெஞ்சுக் காலத்து விதி இது. அதன் எண்ணைச் சொல்லப் போவதில்லை. அந்த எண்ணை நான் போதுமான தடவை தட்டச்சு செய்துவிட்டேன். நல்ல விதி. அதை எழுதியவர் வீட்டில் யாரோ படுக்கையில் கிடந்திருக்க வேண்டும். 1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் ஊரை ஒப்படைத்த பிறகும் அது சாகவில்லை. இந்தியச் சட்டம் ஒன்று முறைப்படி இந்த ஊருக்கு நீட்டிக்கப்படும் வரை பழைய சட்டமே செல்லும் என்று எழுதி வைத்திருந்தார்கள். விதி உயிரோடுதான் இருந்தது. அதைத் தொட்டுப் பார்க்கத்தான் ஆளில்லை.

அப்போது நான் அந்த இலாகாவில் மருந்து இறக்குமதியைப் பார்க்கும் மேசையில் எழுத்தராக இருந்தேன். ஊரின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்துவிட்டது. ஆனால் பாரிசில் ஒப்பந்தத்தை உறுதி செய்யும் வேலை தள்ளிக்கொண்டே போனதால் காகிதத்தில் ஊர் இன்னும் பிரெஞ்சுக்காரர்களுடையது. சாவியைக் குடியிருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் பத்திரத்தைத் தன் பெட்டியிலேயே வைத்திருக்கும் வீட்டுக்காரர் மாதிரி. இந்த நிலையில் எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் வந்து சேர்ந்தது. எந்த விண்ணப்பமானாலும் இரண்டாகத் தட்டச்சு செய்வோம். பிரெஞ்சில் ஒன்று, பழைய சட்டத்தைச் சுட்டி. ஆங்கிலத்தில் ஒன்று, புதிய சட்டத்தைச் சுட்டி. ஒவ்வொன்றின் அடியிலும் ‘இதன் நகல் அந்தப் பக்கத்துக்கும் அனுப்பப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி. எங்கள் இலாகாவின் தலைவரை எல்லோரும் பிரெஞ்சில் ஷெஃப் என்றுதான் கூப்பிடுவோம். ஆட்சி மாறியும் அந்தச் சொல் மட்டும் நாற்காலியோடு அப்படியே இருந்தது. இந்த இரட்டைத் தாள் அவருடைய கண்டுபிடிப்பு. எந்தப் பக்கம் காற்றடித்தாலும் ஒரு தாள் நிற்கும் என்பது அவர் கணக்கு. பேனா வாங்கவும் மேசைக்குக் கால் ஒட்டவும் அது ஒரு கெடுதலும் செய்யவில்லை.

என் அக்கா விஷயத்தில்தான் அதன் முழு அழகையும் பார்த்தேன்.

அக்காவின் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தார். முதலில் சைகோன், பிறகு அல்ஜீரியா. அவர் வழியாக அக்காவும் பிரெஞ்சுக் குடிமகள். ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் சாலையை ஒட்டிய வீட்டில் அக்காவும் அவள் பெண்ணும் கல்யாணமாகாத நானும் இருந்தோம். அந்தப் பெண் பிறந்தபோது அக்காவுக்கு ரத்தம் நிற்காமல் போயிற்று. பிழைத்ததே பெரிது என்றார்கள். பிழைத்தாள், ஆனால் பழைய அக்காவாக இல்லை. பால் சுரக்கவே இல்லை. தலைமுடி உதிர்ந்தது. மாத விலக்கு வரவில்லை. கத்திரி வெயிலில் ஊரே விசிறியோடு அலையும்போது அவள் கணவர் அனுப்பிய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அக்கம்பக்கத்தார் அதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்தார்கள். சில வருஷம் கழித்து வந்த ஒரு டாக்டர்தான் சரியான பெயரைச் சொன்னார்.

அவர் நம் ஊர்க்காரர். இங்கே படித்து, பிரான்சில் மேலே படித்துவிட்டுத் திரும்பியவர். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது. பிரசவத்தில் அளவுக்கு மீறி ரத்தம் போனால் அது பட்டுப்போகும். உடம்பின் மற்ற சுரப்பிகளெல்லாம் அதன் சொல்லைக் கேட்டே வேலை செய்பவை. சொல்ல ஆளில்லாததால் எல்லாம் சும்மா இருக்கின்றன என்றார். என் போன்றவனுக்கு இது உடனே விளங்கியது. தலைமையகம் மூடிவிட்டது, கிளைகள் சம்பளம் மட்டும் வாங்குகின்றன. தைராய்டு மாத்திரையும் கார்ட்டிசோன் மாத்திரையும் கொடுத்தார். அவை அட்டவணையில் இருந்த மருந்துகள், என் மேசையைத் தாண்டித் தடையில்லாமல் வந்தன. அக்கா எழுந்து நடந்தாள், சண்டை போட்டாள், என் சட்டைக் காலரைப் பார்த்துக் கேலி பேசினாள்.

1957இல் அவளுடைய வலது விலா எலும்புக்குக் கீழே ஒரு மேடு தட்டுப்பட்டது.

எக்ஸ்ரே எடுத்தார்கள், தட்டினார்கள், அழுத்தினார்கள். கல்லீரலில் கட்டி. நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். எதுவானாலும் வளர்கிறது, சீக்கிரமே பித்த நாளத்தை நெரிக்கும். ஆஸ்பத்திரியில் அப்போது ஒரு பிரெஞ்சு அறுவை மருத்துவர் எஞ்சியிருந்தார். தன் நாட்டில் ஈரலின் ஒரு பக்கத்தையே எடுத்த அனுபவம் உள்ளவர். அவருடைய ஒப்பந்தம் அந்த வருஷக் கடைசியோடு முடிகிறது. மார்செய் போகும் கப்பலில் இடம் பதிவாகிவிட்டது. அவர் போய்விட்டால் இங்கே ஈரலில் கத்தி வைக்க ஆளில்லை. மெட்ராசில் கேட்டுப் பார்த்தோம். அக்காவுக்கு இருக்கும் மற்ற கோளாறுகளோடு இந்தக் காரியம் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள்.

டாக்டர் ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்தார். அக்கா உள்ளறையில் படுத்திருந்தாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் சொன்னார்.

“ஈரல வெட்டினா திரும்ப வளரும், முசியே. கை வளராது, கண்ணு வளராது. ஈரல் வளரும். மூணுல ரெண்டு பங்கு எடுத்தாலும் மிச்சம் இருக்கறது பெருத்துப் பழைய எடைக்கு வந்துடும். நான் படிக்கிறப்ப எலியில பண்ணியிருக்கேன். மறுநாளே எழுந்து தீனி கேக்கும்.”

அப்புறம் என்ன யோசனை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் அடுத்த வாக்கியம் எனக்குப் பிடிக்காததாக இருக்கும் என்பது பழகிப்போயிருந்தது.

அந்த ஆய்வுக்கூடத்திலேயே பிட்யூட்டரியை எடுத்துவிட்ட எலிகளும் இருந்தனவாம். அவற்றின் ஈரலையும் அதே அளவு வெட்டினார்கள். மற்ற எலிகளின் ஈரல் மும்முரமாக வளர்ந்துகொண்டிருந்த நாட்களில் இவற்றின் ஈரல் கிட்டத்தட்டச் சும்மா இருந்தது. வளரவே வளராதா என்று கேட்டேன்.

“வளரும். லேட்டா வளரும், கொறச்சலா வளரும். அதுக்குள்ள சிலது செத்துப் போச்சு.” கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “அந்தச் சுரப்பியிலேருந்து வர்ற வளர்ச்சி ஹார்மோன ஊசியில குடுத்தா வேகம் பிடிக்கும். மாட்டுத் தலையிலேருந்து எடுத்த சாறு. அத நானே குத்தியிருக்கேன்.”

உள்ளறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“எலிக்கு என்ன ஆச்சுன்னு விவரமா சொல்லிட்டீங்க டாக்டர். எனக்கு என்ன பண்ணப் போறீங்க, அதையும் சொல்லிடுங்க.”

அவர் எழுந்து உள்ளே போய்ச் சொன்னார். அந்த ஹார்மோன் கையில் இருந்தால் தைரியமாக வெட்டலாம். இல்லாவிட்டால் மிச்ச ஈரல் வேலைக்கு எழுந்திருக்கும் வரை உடம்பு தாங்க வேண்டும். தாங்குமா என்று அவரால் சொல்ல முடியாது. அக்கா போர்வையை இழுத்து மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். மருந்து இறக்குமதி யார் மேசையில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

டாக்டரின் பழைய கூட்டாளி ஒருவர் பிரான்சில் அந்தச் சாற்றைத் தயாரிக்கும் இடத்தில் இருந்தார். எழுதியதும் அனுப்பச் சம்மதித்தார். தூளாக, சிறு குப்பிகளில், தகரப் பெட்டிக்குள். ஒரே நிபந்தனை, சூடு படக் கூடாது. கப்பலின் மருத்துவரிடம் கொடுத்துக் கப்பலின் குளிர் அறையிலேயே வைத்துக் கொண்டுவர ஏற்பாடு. மார்செயிலிருந்து இந்தக் கடல் வரைக்கும் எவ்வளவு தூரம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தத் தூரம் முழுவதும் பெட்டி சில்லென்று வந்து சேர்ந்தது. கப்பல் சரக்கு இறக்கும் பழைய பாலம் சில வருஷம் முன்பு புயலில் போய்விட்டதால் கப்பல் வெளியே நிற்க, அலைகளைத் தாண்டிப் படகில் கரைக்கு வந்தது. கரையில் சுங்கக் கிடங்கு. அதற்குமேல் ஓர் அடி நகரவில்லை.

இந்த ஊரில் முன்பு துறைமுகச் சுங்கம் என்பதே கிடையாது. சரக்கு தாராளமாக இறங்கும், ஊர் எல்லையில்தான் காவல். இப்போது எல்லைக் காவல் கடற்கரைக்கு நகர்ந்துவிட்டது. கிடங்கில் இருந்த அதிகாரி மெட்ராசிலிருந்து புதிதாக வந்தவர். என் வயதுதான். கண்ணியமான மனிதர், அதுதான் தொல்லை. முரடராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இது மருந்தா மாட்டு உறுப்பா என்று கேட்டார். மருந்தென்றால் ஒரு அட்டவணை, மாட்டு உறுப்பென்றால் இன்னொன்று. மருத்துவர் கையெழுத்திட்ட தாளைக் காட்டினேன், பழைய விதியைக் காட்டினேன். அவர் கவனமாகப் படித்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து எங்கள் அலுவலகத்தின் இரண்டு தாள்களையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“சார், இந்த விதிப்படி ஒங்க பெரியவர் ஓரத்துல கையெழுத்துப் போட்டிருந்தா நான் இப்பவே குடுத்துடுவேன். அவர் போடல. ரெண்டு சட்டத்துலயும் அனுமதி கேட்டிருக்கார். டெல்லிக்கு ஒண்ணு, பிரெஞ்சுப் பக்கத்துக்கு ஒண்ணு. அவங்க எதுல குடுக்கறாங்கன்னு தெரியாம நான் எதுல குடுக்கறது?”

அலுவலகத்துக்குத் திரும்பி ஷெஃப்பிடம் நின்றேன். ஒரு தாளைத் திரும்பப் பெறலாம், எதை வேண்டுமானாலும், அல்லது விதிப்படி ஓரத்தில் ஒப்பமிடலாம். அவர் கெட்டவர் அல்ல. அக்காவின் கல்யாணத்தில் சாப்பிட்டவர். அந்த ஒப்பம் பழைய சட்டத்தின்படி போடும் ஒப்பம். நாளைக்குப் புதிய சட்டம்தான் செல்லும் என்றானால் தன் பெயரில் ஒரு குற்றம் காகிதத்தில் நிற்கும் என்று பயந்தார். எதைத் திரும்பப் பெற்றாலும் மற்றவர் ஏன் என்று கேட்பார். எனவே எதையும் தொடாமலிருப்பதே ஒழுங்கு.

“எம் மேல கோவப்படாத. ஒங்கக்கா பிரெஞ்சு நேஷனாலிதே, பார்சல் வந்திருக்கறது இந்தியாவுக்கு. நான் எந்தப் பக்கம் கையெழுத்துப் போடுவேன்? பதில் வந்துடும். ரெண்டு பேருல யாராவது ஒருத்தர் எழுதித்தானே ஆகணும்?”

அதுதான் இல்லை. தாளின் அடியில் நாங்களே எழுதி வைத்த வரி அங்கே தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. டெல்லியில் அதைப் படித்தவர் பிரெஞ்சுப் பக்கம் முடிவு செய்யட்டும் என்று காத்திருந்தார். பிரெஞ்சுப் பக்கத்தில் படித்தவர் டெல்லி முடிவு செய்யட்டும் என்று காத்திருந்தார். இரண்டு பேருமே விதிமுறை தெரிந்தவர்கள்.

இதற்கிடையில் பெட்டி ஓடு வேய்ந்த கிடங்கில், கருவாட்டு மூட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்தது. வேண்டுமளவு வெயில். நான் சுங்க விதிகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அனுமதிக்க வழியில்லை என்றால் கெடாமல் காக்கவாவது வழியிருக்கும். இருந்தது. தடுத்து வைக்கப்பட்ட சரக்கு கெட்டுப்போனால் அரசு பொறுப்பல்ல. கெடாமல் பார்த்துக்கொள்வது சரக்குக்கு உரியவரின் கடமை. கடமை என்றால் அதைச் செய்ய என்னை உள்ளே விட்டாக வேண்டும். அதிகாரியிடம் காட்டியபோது அவர் முகம் தெளிந்தது. தன்னால் ஆம் என்று சொல்ல முடிந்த ஒன்று கிடைத்த மகிழ்ச்சி.

அன்றிலிருந்து காலையிலும் மாலையிலும் ஐஸ் ஃபேக்டரியில் ஒரு துண்டு வாங்கி, மரத்தூளில் புரட்டிச் சாக்கில் சுற்றி, சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். முன்னால் மீன்காரர்கள், பின்னால் நான்; எல்லோருடைய சாக்கிலிருந்தும் ஒரே தண்ணீர்தான் சாலையில் சொட்டியது. பழைய ஒயின் பெட்டி ஒன்றில் ஐஸை அடுக்கி நடுவில் தகரப் பெட்டியை வைத்து மூடுவேன். அதிகாரி முத்திரையைச் சரிபார்ப்பார். அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் கண்ணில் ஏற்கெனவே மஞ்சள் லேசாகத் தெரிந்தது.

“மீனுக்கும் எனக்கும் ஒரே ஐஸாடா? நல்லா இருக்கு. முடிஞ்சதும் எந்த ஏலத்துல விடப் போற?”

ஒரு நாள் வேறு வழியும் தேடினேன். ஆட்டிறைச்சி மாட்டிறைச்சிக் கூடங்களின் ஆய்வும் எங்கள் இலாகாவின் கீழ்தான். மாட்டுத் தலையிலிருந்து அந்தச் சுரப்பியை இங்கேயே எடுக்கலாமே என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை, அதுவே நிலைமை எவ்வளவு மோசம் என்று காட்டியது. எடுக்கலாம், மண்டையோட்டின் அடியில் ஒரு சிறு குழியில் உட்கார்ந்திருக்கும். ஆனால் அதிலிருந்து ஹார்மோனைச் சுத்தமாகப் பிரிக்க இந்த ஊரில் வசதியில்லை, அரைகுறையாகப் பிரித்ததை ரத்தத்தில் ஏற்றினால் ஈரலைப் பற்றிக் கவலைப்பட ஆளே இருக்க மாட்டாள் என்றார்.

மஞ்சள் ஏறியது. அல்ஜீரியாவிலிருந்து அவள் கணவரின் கடிதம் மேல் கடிதம், அனுமதி கிடைத்ததா என்று. கடைசியில் அறுவை மருத்துவர் டாக்டரைக் கூப்பிட்டுத் தன் கப்பலின் தேதியைச் சொன்னார். வெட்டிய பிறகு குறைந்தது சில வாரமாவது நோயாளியைத் தானே பார்க்க வேண்டும். எனவே இந்த வாரம், அல்லது இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் அக்காவின் கட்டிலருகில் நின்றோம். டாக்டர் இரண்டு பக்கத்தையும் சொன்னார். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: இன்னும் ஒரு மேல்முறையீடு இருக்கிறது, தந்தி கொடுத்திருக்கிறேன், ஒருவேளை...

“தம்பி,” என்றாள். “ஒங்க ஆபீசு பதில் போடற வரைக்கும் இந்தக் கட்டி வளராம நிக்கும்னு எழுதிக் குடுப்பானா? கேட்டுப் பாரு. எழுதிக் குடுத்தா இருக்கேன்.”

அவள் சம்மதத் தாளை வாங்கி, கம்பளிக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். நான் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். மதியம் டாக்டர் வெளியே வந்தார். ஈரலின் வலது பக்கம் முழுவதும் போய்விட்டது, பாதிக்கும் மேல். கட்டி கெட்டதாகத் தெரியவில்லை. இருப்பது இடப் பக்கத்து ஒரு துண்டு. “இனிமே அதோட பொறுப்பு” என்றார்.

கார்ட்டிசோனை அதிகமாகக் கொடுத்தார்கள். அது இல்லாவிட்டால் இவள் உடம்பு கத்தியின் அதிர்ச்சியையே தாங்காது. சர்க்கரை இறங்கிவிடாமல் குளுகோஸ் இறங்கிக்கொண்டே இருந்தது. டாக்டர் விரலால் வயிற்றைத் தட்டித் தட்டி, ஒலி எங்கே மந்தமாகிறது என்று கேட்டு, ஈரலின் ஓரம் எங்கே இருக்கிறதோ அங்கே தோலில் ஊதாப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். ஈரல் வளர்ந்தால் ஓரம் கோட்டைத் தாண்டிக் கீழே வரும்.

“என் வயித்துல நெலம் அளக்கறாரு” என்றாள் அக்கா. அதுதான் கொஞ்ச காலத்துக்கு அவள் தெளிவாகச் சொன்ன கடைசி வார்த்தை.

கோடு நகரவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாட்களிலும் டாக்டர் தட்டுவார், அதே இடத்தில் பென்சிலை வைப்பார், எடுப்பார். அழிந்த கோட்டை மறுபடி அழுத்திப் போடுவதே வேலையாக இருந்தது. மஞ்சள் கண்ணிலிருந்து முகத்துக்கும் உள்ளங்கைக்கும் பரவியது. வயிற்றில் நீர் சேர்ந்தது. கால் வீங்கியது. என்னை அவள் கணவர் என்று நினைத்துக்கொண்டு சைகோனில் மழை விட்டதா என்று கேட்டாள். பிறகு அதுவும் கேட்கவில்லை. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து, யாரோ தூரத்தில் கூப்பிடுவது போலப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அவள் பெண்ணை உள்ளே விட வேண்டாம் என்று டாக்டர் சொன்னபோது எனக்குப் புரிந்தது.

ஐஸை நான் நிறுத்தவில்லை. அனுமதி இன்றைக்கு வந்தாலும் ஊசி பயன்படும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பெட்டி அங்கே, ஆஸ்பத்திரி இங்கே, நடுவில் சைக்கிள் மிதித்தால் மூச்சு வாங்குவதற்குள் கடந்துவிடும் தூரம். திருடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். எனக்குத் திருட்டுக்கான நடைமுறை மட்டும் தெரியவில்லை. ஒரு காலையில் அக்காவின் மூச்சு ஒழுங்கு தவறியது. நான் நகரவில்லை. மாலையில் கிடங்குக்குப் போனபோது ஒயின் பெட்டியில் புது ஐஸ் இருந்தது. அதிகாரி பேரேட்டில் எதையோ எழுதுவது போலக் குனிந்துகொண்டார்.

“நீங்க வரல. சரக்குக்கு உரியவர் சார்பா யாரும் செய்யலாம்னுதான் விதி இருக்கு” என்றார். அக்காவைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். அவர் முத்திரையைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அந்தக் கிடங்கின் சாவியை அவர் என்னிடம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் வேலை போயிருக்கும். அது மட்டும் நிச்சயம்.

சில நாள் கழித்து ஒரு காலை. டாக்டர் வழக்கம்போல் தட்டினார். நிறுத்தினார். மறுபடி தட்டினார். என் கையைப் பிடித்து இழுத்து, என் விரலை வைத்தே தட்டச் செய்தார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவர் பழைய கோட்டுக்குக் கீழே, ஒரு நெல் அகலத்தில், புதிதாக ஒரு கோடு போட்டார்.

“வருது” என்றார். “மெதுவா வருது.”

மெதுவாகத்தான் வந்தது. மற்றவர்களுக்கு வாரங்களில் நடப்பது அவளுக்கு மாதங்களில் நடந்தது. நடுவில் ஒருமுறை நின்றுபோய் எங்களைக் கதிகலங்க வைத்தது. ஆனால் கோடு கோடாக, படிக்கட்டு மாதிரி, ஊதாக் கோடுகள் இறங்கின. மூத்திரத்தின் நிறம் தெளிந்தது. ஒருநாள் கண்ணைத் திறந்து, என் காலரில் அழுக்கு என்றாள். நான் தாழ்வாரத்துக்குப் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தேன். அறுவை மருத்துவர் கப்பல் ஏறும் முன் வந்து வயிற்றைப் பார்த்தார், கோடுகளைப் பார்த்துச் சிரித்தார், டாக்டரின் கையைக் குலுக்கினார்.

மேலிருந்து உத்தரவு வராமல் வேலை செய்த ஓர் இலாகாவை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இப்போது ஓய்வில் இருக்கிறேன், புத்தகம் படிக்க நேரம் இருக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் ஈரல் செல்லின் வெளிச்சுவரில் தனக்கென்று இருக்கும் ஓர் ஏற்பியில் போய்ப் பொருந்துகிறதாம். உடனே உள்பக்கம் ஒரு மூலக்கூறு விழித்து அடுத்ததைத் தட்டி எழுப்ப, அது அடுத்ததை எழுப்ப, செய்தி செல்லின் கருவுக்குப் போய், பெருகு என்று சொல்கிறதாம். எல்லாம் நிமிஷக் கணக்கில். ஒரு மேசையிலும் நிற்பதில்லை. ஆனால் பெருகச் சொல்லும் செய்தி அது ஒன்றே அல்ல. வேறு வழிகளிலும் ஈரலுக்குத் தகவல் போகிறது. இந்த ஒரு வழி அடைபட்டால் தாமதம், பலவீனம், சில சமயம் சாவு. ஆனால் முழு நிறுத்தம் இல்லை. டாக்டர் எலிகளில் பார்த்ததும் அதுதான், அக்காவின் தோலில் கோடு போட்டுப் பார்த்ததும் அதுதான்.

ஒன்றிரண்டு வருஷம் கழித்து டாக்டர் மறுபடி வீட்டுக்கு வந்தார். அக்கா முற்றத்தில் வெயிலில் உட்கார்ந்து, கம்பளியோடு, கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் உட்காரும் முன்பே கண்ணாடியைத் துடைத்தார். பிரான்சிலிருந்து வரும் சஞ்சிகையில் படித்தாராம். மாட்டின் வளர்ச்சி ஹார்மோன் எலிக்கு வேலை செய்யும், மனிதனுக்குச் செய்யாது. மனிதனுக்கு மனித ஹார்மோன்தான் வேண்டும். நாம் அவ்வளவு பாடுபட்டுக் காத்த பெட்டியில் இருந்தது இவளுக்கு வெறும் தூள். அத்தனை ஐஸ்.

அக்கா கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். வயிற்றுத் தழும்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அப்ப ஒங்க ஷெஃப்புதான்டா எனக்கு ஊசி குத்தாமக் காப்பாத்தனது. ஒரு மாலை வாங்கிப் போடு.”

டாக்டரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தத் தூள் பயனற்றது என்று அன்றைக்கு இந்த ஊரிலோ டெல்லியிலோ பாரிசிலோ அனுமதிக்கும் நாற்காலியில் இருந்த யாருக்கும் தெரியாது. தெரிந்து நிறுத்தவில்லை. பெட்டியில் இருந்தது சரியான மருந்தாக இருந்திருந்தாலும் அதே ஒயின் பெட்டியில், அதே முத்திரையோடு, அதே இரண்டு தாளுக்காகக் காத்திருந்திருக்கும். அவளைக் காப்பாற்றியது அவள் ஈரலின் ஒரு துண்டு. மாலை போட வேண்டுமென்றால் அதற்குப் போடலாம்.

பெட்டி கிடங்கிலேயே இருந்தது. பதில் வராமல் அதை விடவும் முடியாது, அழிக்கவும் முடியாது. அந்த அதிகாரி மாற்றலாகிப் போகும்போது அடுத்தவரிடம் அதைப் பொறுப்புப் பட்டியலில் சேர்த்து ஒப்படைத்தார். ஐஸ் மட்டும் இல்லை.

பிறகு பாரிசில் ஒருவழியாக ஒப்பந்தத்தை உறுதி செய்தார்கள். பத்திரமும் கைமாறியது. ஊரில் கொடி, வாத்தியம், பேச்சு. அதற்கு மறுநாள் தபால்காரர் பதிவுத் தபால் ஒன்றோடு வந்தார். நோயாளி பெயருக்கு வந்திருந்ததால் நோயாளியே கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் உறையைப் பிரித்துப் படித்தேன். இரண்டு விண்ணப்பங்களுக்கும் சேர்த்து ஒரே பதில்: எந்தச் சட்டம் பொருந்தும் என்ற கேள்வி இப்போது எழவில்லை, நோயாளிக்கு அந்த மருந்து இன்னமும் தேவைப்படுமானால் உரிய படிவத்தில் புதிதாக விண்ணப்பிக்கலாம்.

“தேவைப்படுமான்னு கேக்கறான்” என்றேன்.

“மருவாதையாத்தான் கேக்கறான்” என்றாள் அக்கா. தபால்காரரின் பேனாவை வாங்கி, அவர் நீட்டிய சீட்டில் தன் பெயரை முழுதாக எழுதினாள். பக்கத்தில் தேதிக்கு இடம் விட்டிருந்தது. என்ன தேதிடா என்றாள். சொன்னேன். எழுதினாள்: 1962 ஆகஸ்ட் 17.